ரத்தத்தில் ஊறினதா, ரோட்டில் கற்றதா? காணாமல் போன ஒரு பைக்கும் சில கேள்விகளும்

#1 வைகைக்கரை

போன வியாழக்கிழமை ராத்திரி வாசலில் நிறுத்தியிருந்த என் பைக்கைக் காணவில்லை. ஆறு வருஷ வண்டி. கடன் கட்டி முடித்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால் வாசலில் ஆயில் சொட்டின கறை மட்டும் கிடக்கிறது. புகார் கொடுத்தாயிற்று, எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்கியாயிற்று. ஆனால் நான் இங்கே எழுத வந்தது வண்டியைப் பற்றி இல்லை.

தெருமுனை டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். அங்கே தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியார், தெருவே மதிக்கிற மனிதர். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுக்குப் போய் தனியா துப்பு துலக்கணுமா? அவனுங்களுக்கு அது ரத்தத்துலயே ஊறினது" என்று ஒரு சாதியின் பெயரைச் சொன்னார். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாளாக அதுதான் உறுத்துகிறது.

மறுக்க வேண்டும் என்று தோன்றியது, என்ன சொல்லி மறுப்பது என்றுதான் தெரியவில்லை. ஒருவன் ஏன் திருடுகிறான்? வறுமை என்றால், எங்கள் தெருவில் ஏழைகள்தான் அதிகம், அவர்கள் யாரும் திருடப் போகவில்லை. வளர்ப்பு என்றால், ஒரே வீட்டில் அண்ணன் ஒழுங்காகவும் தம்பி தறுதலையாகவும் இருப்பதைப் பார்க்கிறோம். இதைப் பற்றிப் படித்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள்? இங்கே வக்கீல், போலீஸ், ஆராய்ச்சிக்காரர் எல்லாரும் இருக்கிறீர்கள், கொஞ்சம் சொல்லுங்கள்.

#2 டீக்கடை_பெஞ்ச்

வண்டி போன துக்கத்திலும் டீயைக் குடித்து முடித்தீர்களே, முதலில் அதற்கு ஒரு வணக்கம்.

#3 மட்டுறுத்துநர்

ஒரு சாதியைச் சொல்லிக் குற்றம் சுமத்துகிற பதிவு எதுவானாலும் தூக்கிவிடுவேன். சட்டம், வரலாறு பேசும்போது பெயர் வந்தால் தடை இல்லை.

#4 கருங்கோட்டு

வைகைக்கரை, அந்தப் பெரியவர் தன் அனுபவத்தில் கண்டதைச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அது ஒரு சட்டம் விட்டுப்போன எச்சம். 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தபோது சபையில் வைத்த வாதமே இதுதான். இந்த நாட்டில் தச்சன் மகன் தச்சனாகிறான், நெசவாளி மகன் நெசவாளியாகிறான், தொழில் சாதியோடு போகிறது. அப்படியானால் திருட்டையே தொழிலாகக் கொண்ட சாதியும் இருக்கத்தானே வேண்டும்? கேட்கும்போது என்னமோ தர்க்கம் மாதிரிதான் இருக்கும்.

இதில் யாராவது ஒருவன் என்ன செய்தான் என்ற கேள்விக்கே இடம் கிடையாது. ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசிதழில் அறிவித்துவிட்டால் முடிந்தது, நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளையும் அதில் சேர்த்தி. அந்த அறிவிப்பு செல்லாது என்று நீதிமன்றத்தில் வாதாடவும் முடியாது. முதலில் வடக்கே, பஞ்சாப் பக்கம் போட்டார்கள். 1911-ல் திருத்தி நம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். 1924-ல் இன்னொரு தடவை தொகுத்தார்கள்.

இதற்கெல்லாம் மூலம் இத்தாலி டாக்டர் சேசரே லோம்ப்ரோசோ. வில்லெல்லா என்ற தெற்கத்தி இத்தாலியனின் மண்டை ஓட்டை ஆராய்ந்தபோது பின்புறம் ஒரு குழி தெரிந்ததாம். மிருகங்களுக்கு இருக்கிற குழி மனிதனுக்கு இருக்கிறதே என்று பிடித்துக்கொண்டு, குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பின்தங்கிப்போன பிறவி, தாடையையும் காதையும் பார்த்தே சொல்லிவிடலாம் என்று முடிவு கட்டினார். அவரைப் படித்துவிட்டுத்தான் இங்கே சட்டம் போட்டார்கள்.

#5 அடிக்குறிப்பு

கடைசி வரி மட்டும் சரியில்லை, வக்கீல் சார். லோம்ப்ரோசோவின் நூல் வந்தது 1876-ல். சட்டம் 1871-லேயே வந்துவிட்டது. ஐந்து வருஷம் கழித்து வந்த புத்தகத்தைப் படித்துவிட்டு எப்படிச் சட்டம் போட்டிருக்க முடியும்? இங்கே வந்த 'பரம்பரை' என்பது மண்டை ஓட்டிலிருந்து வரவில்லை, சாதியைப் பற்றி வெள்ளைக்காரன் வைத்திருந்த கணக்கிலிருந்து வந்தது. இரண்டும் பிறகு ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டன என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். எழும்பூர் மியூசியத்தின் சூப்பிரண்டாக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலை வைத்துக்கொண்டு ஆட்களின் மூக்கையும் தலையையும் அளந்து அளந்து எழுதினார். அந்த வித்தையைப் போலீஸ்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

மண்டை ஓட்டுக் கதைக்கு முடிவும் உண்டு. சார்லஸ் கோரிங் என்ற இங்கிலாந்துச் சிறை டாக்டர் சுமார் 3,000 கைதிகளை அளந்து, மாணவர்கள், சிப்பாய்கள் இவர்களோடு ஒப்பிட்டார். 1913-ல் வெளியிட்டார். குற்றவாளிக்கென்று ஒரு தனி உடல் வகை கிடையாது என்று வந்தது. லோம்ப்ரோசோ அதற்கு முன்பே, 1909-ல், போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எலும்புக்கூடு அவர் பெயரிலேயே தூரின் நகரத்தில் இருக்கும் மியூசியத்தில் நிற்கிறது. வில்லெல்லாவின் மண்டை ஓடும் அங்கேதான். அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று வில்லெல்லாவின் சொந்த ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்க் கடைசியில் தோற்றார்கள்.

#6 கருங்கோட்டு

வருஷத்தைப் பார்க்காமல் எழுதிவிட்டேன், தவறு என்னுடையதுதான். குறுக்கு விசாரணைக்கு நன்றி.

#7 நேரடிப்பேச்சு

மன்னிக்கவும், எனக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. போன வருஷம் என் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது செயினைப் பறித்தான் ஒருவன். ஐந்து பவுன் போனது போகட்டும், கீழே விழுந்து நெற்றியில் ஆறு தையல். இன்றைக்கும் பின்னால் பைக் சத்தம் கேட்டால் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறார். அவனுக்கு வறுமை, வளர்ப்பு, வெள்ளைக்காரன் சட்டம் என்று காரணம் தேடிக் கொடுக்க இங்கே எத்தனை பேர்! ஆசைப்பட்டான், எடுத்தான். அகப்பட மாட்டோம் என்று நினைத்தான். இதற்கு மேல் என்ன கோட்பாடு?

#8 ஏட்டையா_ஓய்வு

தம்பி, அம்மாவுக்கு இப்போது தேவலையா? ஆள் பிடிபட்டானா? அவன் வயது என்ன?

#9 நேரடிப்பேச்சு

பிடிபட்டான். வயது 19. எதற்குக் கேட்கிறீர்கள்?

#10 ஏட்டையா_ஓய்வு

நான் 26 வருஷம் கிரைமில் குப்பை கொட்டியவன். செயின் பறிப்பு என்றால் எங்கள் கை முதலில் தேடுவது 18-லிருந்து 25 வரைக்கும் உள்ள பையன்களைத்தான். சாதியைத் தேடுகிற ஆபீசரும் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஆள் கிடைப்பான், திருடன் கிடைக்க மாட்டான். ஐம்பது வயதில் ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து செயின் பறிக்கிறவனை என் சர்வீஸில் ஒருத்தனைக்கூடப் பார்த்ததில்லை. ரத்தத்தில் ஊறினது என்றால் அந்த ரத்தம் முப்பது வயதில் எங்கே வடிந்து போகிறது?

நான் பிடித்து உள்ளே போட்ட பையன் ஒருவன் இப்போது எங்கள் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். என் வீட்டு கேட்டே அவன் போட்டதுதான். கூலியில் ஐநூறு குறைத்துக்கொண்டான், எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. எப்படியப்பா திருந்தினாய் என்று கேட்டேன். "திருந்தவெல்லாம் இல்லை சார், கல்யாணம் ஆச்சு, ராத்திரியில் வெளியே போனால் அவள் தூங்க மாட்டாள்" என்றான்.

#11 அடிக்குறிப்பு

ஏட்டையா சொல்வதை 1830-களிலேயே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அடால்ஃப் கெட்லே, பெல்ஜியத்தின் வானியலாளர். பிரான்ஸ் நாட்டின் கோர்ட் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால், குற்றம் வாலிப வயதில் ஏறி, இருபதுகளில் உச்சிக்குப் போய், அப்புறம் இறங்கிக்கொண்டே போகிறது. நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இன்னொன்றுதான் பெரிய அதிர்ச்சி. ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் குற்றம் நடக்கிறது. ஆட்கள் வேறு, கணக்கு மட்டும் மாறுவதில்லை.

பெண்டாட்டி தூங்க மாட்டாள் என்பதற்கும் கோட்பாடு இருக்கிறது. டிராவிஸ் ஹிர்ஷி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1969-ல் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஒருவன் ஏன் திருடுகிறான் என்று கேட்காதீர்கள், ஆசை எல்லோருக்கும்தான் இருக்கிறது. மற்றவர்கள் ஏன் திருடவில்லை என்று கேளுங்கள் என்றார். அவர் பதில்: வீடு, பள்ளி, வேலை இவற்றோடு இருக்கிற கட்டு. கட்டு அறுந்தவனுக்கு இழக்க எதுவும் இல்லை. நேரடிப்பேச்சு சொன்ன "ஆசைப்பட்டான், எடுத்தான்" என்பதில் பாதி அவருக்கும் சம்மதம்தான்.

#12 நியூரான்

நான் பெங்களூரில் மூளை நரம்பியல் ஆராய்ச்சியில் இருக்கிறேன். எல்லாரும் உயிரியலை லோம்ப்ரோசோவோடு சேர்த்துப் புதைக்கப் பார்க்கிறீர்கள். அவ்வளவு சீக்கிரம் முடியாது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில், 1945-ல் பிறந்த 9,945 பையன்களின் போலீஸ் பதிவுகளை மார்வின் வுல்ஃப்காங் குழு எடுத்துப் பார்த்தது. அதில் 627 பேர், அதாவது நூற்றுக்கு ஆறு பேர், மொத்தக் குற்றங்களில் பாதிக்கு மேல் செய்திருந்தார்கள். போலீஸ் பதிவில் வந்த பையன்களில் பெரும்பாலோர் ஏட்டையா சொன்ன மாதிரி ஒன்றிரண்டு செய்துவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். ஒரு சிலர் மட்டும் சின்ன வயதிலேயே ஆரம்பித்து விடாமல் தொடர்கிறார்கள். அந்தச் சிலரிடம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

நியூசிலாந்தில் டுனிடின் என்ற ஊரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்று வரைக்கும் பின்தொடர்கிறார்கள். அதில் 2002-ல் ஒரு முடிவு வந்தது. மூளையில் சில வேதிப்பொருள்களை உடைக்கிற நொதி ஒன்று உண்டு, அதன் மரபணு சிலருக்கு மந்தமாக வேலை செய்யும். அப்படிப்பட்ட பையன், சின்ன வயதில் அடி உதை, கொடுமையோடு வளர்ந்திருந்தால், வன்முறைக்குப் போகிற வாய்ப்பு கூடுகிறது. அதே மரபணுவோடு நல்லபடியாக வளர்ந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் சில ஒத்துப்போயின, சில போகவில்லை.

ஆக ரத்தத்தில் எதுவுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே வேறுபடும். டீக்கடைப் பெரியவர் சொல்கிற மாதிரி ஒரு சாதி முழுவதும் வரிசையில் நின்று ரேஷன் வாங்குவது போல வாங்கிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை.

#13 டீக்கடை_பெஞ்ச்

ரேஷனிலேயே எல்லோருக்கும் ஒரே அளவு வருவதில்லை, சார்.

#14 உசிலைமண்

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். வக்கீல் சார் சொன்ன சட்டத்துக்கு எங்கள் பக்கம் பெயர் ரேகைச் சட்டம். டீக்கடையில் சொல்லப்பட்டது எங்கள் சாதியாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். நான் பிரமலைக்கள்ளர்.

என் பாட்டனாரின் அப்பா பத்து விரலையும் மையில் தோய்த்து வைத்தவர். அவர் மேல் ஒரு வழக்கும் இல்லை. வயது வந்த ஆண் என்பதால் வைத்தார், அவ்வளவுதான். பொழுது சாய்ந்தால் ஊர்ச் சாவடிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். விடிந்துதான் வீட்டுக்கு வரலாம். கல்யாணமான அன்றைக்கும் சாவடியில்தான் படுத்தார் என்று என் அப்பத்தா சொல்லும். சொல்லும்போது சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. பக்கத்து ஊரில் துக்கம் என்றால் ராதாரிச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும், போன ஊரில் அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். சீட்டு இல்லாமல் அகப்பட்டால் அதுவே குற்றம். கவனியுங்கள், திருடவே வேண்டாம். மாமன் வீட்டுக்குச் சீட்டு இல்லாமல் போனாலே குற்றவாளி. அப்புறம் கணக்கெடுத்து, இந்தச் சாதியில் இத்தனை பேர் தண்டனை பெற்றிருக்கிறார்கள் பாருங்கள் என்று எழுதிக்கொள்வார்கள்.

ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஊர் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3. துப்பாக்கிச் சூட்டில் மாயாக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். காயம் பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன பெண் என்று சொல்வார்கள். ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. மதுரையில் பாரிஸ்டராக இருந்த ஜார்ஜ் ஜோசப் எங்களுக்காக வாதாடினார், 'ரோசாப்பூ துரை' என்றால் எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் இந்தச் சனம் என்ன செய்துகொண்டிருந்தது? காவல். ஊருக்குக் காவல் இருந்து கூலி வாங்கினார்கள். மாடு தொலைந்தால் கண்டுபிடித்துக் கொடுத்துத் துப்புக்கூலி வாங்கினார்கள். அதில் வம்பும் மிரட்டலும் இருந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. கூலி கொடுக்காத வீட்டில் மாடு தொலையும். ஆனால் கம்பெனியும் சர்க்காரும் போலீஸ் வைத்துக் காவலைப் பிடுங்கிக்கொண்டபோது, அந்தக் கூலிக்குப் பதிலாக எதையும் கொடுக்கவில்லை. நேற்று வரைக்கும் காவல்காரன், இன்றைக்குக் குற்றப் பரம்பரை.

#15 அடிக்குறிப்பு

இதே கதை உப்புக் குறவர்களுக்கும். பெயரிலேயே தொழில் இருக்கிறது பாருங்கள். கடலோரத்திலிருந்து உப்பைப் பொதி மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றிக்கொண்டு வந்த சனம். சர்க்கார் உப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டது, ரயில் வந்தது, காட்டுக்குள் மேய்ச்சலும் மூங்கிலும் சட்டத்தால் அடைபட்டன. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மிச்சமும் போயிற்று. ஊர் ஊராகத் திரிவது வியாபாரமாக இருந்த வரைக்கும் யாருக்கும் தொந்தரவு இல்லை. வியாபாரம் போன பிறகு அதே திரிதல் சந்தேகத்துக்குக் காரணமாகிவிட்டது. வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பிறகு அவர்களைக் குடியேற்றங்களில் அடைத்து வைத்தார்கள், ஆந்திராவில் ஸ்டூவர்ட்புரம், நம் பக்கம் அஜீஸ் நகர். சில இடங்களை நடத்தும் பொறுப்பு சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பிடம் இருந்தது. பரம்பரைக் குற்றவாளி, ஆனால் திருத்தலாம்! பரம்பரை என்றால் எப்படித் திருத்த முடியும், திருத்த முடியும் என்றால் எப்படிப் பரம்பரை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மலிவான கூலி ஆட்கள் கிடைத்தார்கள், கேள்வி எதற்கு?

#16 நேரடிப்பேச்சு

உசிலைமண், உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. அந்தச் சட்டம் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு என் அம்மா செயினை அறுத்தவனுக்கு அது எப்படிக் காரணமாகும்?

#17 உசிலைமண்

ஆகாது. அவன் யாரென்றே எனக்குத் தெரியாது. அவனுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நானும் சொல்கிறேன்.

#18 ஏட்டையா_ஓய்வு

சட்டம் போயிற்று, லிஸ்ட் போகவில்லை. 'கேடி' என்று திட்டுகிறோமே, அது 'கேடு' என்ற சொல்லிலிருந்து வந்ததாகப் பல பேர் நினைக்கிறார்கள். அது போலீஸ் ரிஜிஸ்டர் வார்த்தை. 'நோன் டிப்ரிடேட்டர்' என்பதன் சுருக்கம் கே.டி. ஸ்டேஷன் சுவரில் போட்டோவோடு பலகை மாட்டியிருப்போம். ராத்திரி ரோந்தில் கேடி செக் என்று ஒரு வேலை. லிஸ்டில் உள்ளவன் வீட்டுக் கதவைத் தட்டி, இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வருவது. நானும் தட்டியிருக்கிறேன். ஒரு வீட்டில் ஒவ்வொரு தடவையும் அவன் மகள்தான் எழுந்து வந்து கதவைத் திறப்பாள், ஏழெட்டு வயது. "அப்பா தூங்குறாங்க" என்பாள். அந்தத் தெருவில் அவள் யார் மகள் என்று எல்லோருக்கும் தெரியும்படி செய்தது நான்தானே?

#19 கருங்கோட்டு

ஏட்டையா சொல்வது சட்டப்படியும் சரி. சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1947-ல் நீக்கினார்கள். மறு வருஷமே, 1948-ல், வழக்கமாகக் குற்றம் செய்பவர்களைக் கட்டுப்படுத்த என்று வேறொரு சட்டம். நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-ல் நீக்கினார்கள், அங்கங்கே இதே மாதிரிச் சட்டங்கள் முளைத்தன. இப்போது தனி ஆளின் தண்டனைகளைப் பார்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும், அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் சில மாநிலங்களின் சிறை விதிகளில் பழைய சாதிப் பட்டியலின் வாடை அப்படியே இருந்தது. 2024 அக்டோபரில்தான் சுப்ரீம் கோர்ட் அவற்றை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அடித்தது.

சமூகவியலில் இதை முத்திரை குத்தும் கோட்பாடு என்பார்கள். ஹோவர்ட் பெக்கர் 1963-ல் எழுதினார். ஒரு செயல் குற்றமா இல்லையா என்பது செயலுக்குள் மட்டும் இல்லை, யார் யார் மேல் அந்தப் பெயரை ஒட்ட முடிகிறது என்பதிலும் இருக்கிறது. ஒட்டினபின் வேலை கிடைக்காது, பெண் கிடைக்காது, பழைய கூட்டாளிதான் கிடைப்பான். ஏட்டையாவின் வெல்டிங் பையனுக்குப் பட்டறை வாடகைக்குக் கொடுத்த மனிதரைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

#20 இல்லத்து_அக்கா

நான் கூர்நோக்கு இல்லப் பையன்களோடு வேலை பார்க்கிறவள். வைகைக்கரை அண்ணா, பைக் திருட்டில் வருகிற என் பையன்கள் பாதிப் பேர் விற்க எடுக்கவில்லை. ஓட்ட எடுத்தார்கள். பெட்ரோல் தீர்ந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தவனும் உண்டு. ஒருத்தன் எடுத்த வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, போட்டோ எடுத்துப் போட்டிருந்தான். அப்படித்தான் அகப்பட்டான்.

வறுமை பற்றிக் கேட்டீர்கள். ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1938-ல் சொன்னதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். வறுமை மட்டும் இருந்தால் போதாது. இதுதான் வாழ்க்கை என்று ஒன்றை எல்லோருக்கும் காட்டிவிட்டு, அதற்குப் போகிற படியைச் சிலருக்கு மட்டும் போட்டால்தான் சிக்கல். அந்தப் பையன்கள் கையில் இருக்கிற போன் விளம்பரமாகக் காட்டுவது முழுக்க வண்டி, ஷூ, வாட்ச். அவர்கள் அப்பா பார்ப்பது மூட்டை தூக்கும் வேலை. ஆனால் இதில் ஓட்டையும் இருக்கிறது. பெண் பிள்ளைகளும் அதே போனைத்தான் பார்க்கிறார்கள், அவர்கள் ஏன் இந்த எண்ணிக்கையில் என்னிடம் வருவதில்லை? மெர்ட்டனிடம் இதற்குச் சரியான பதில் கிடையாது.

நல்ல எண்ணம் மட்டும் வைத்துக்கொண்டு எங்களை மாதிரி ஆட்கள் இறங்குவதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 1939-ல் 506 பையன்களை எடுத்துக்கொண்டு பாதிப் பேருக்கு ஆலோசகர், டியூஷன், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள், மறுபாதிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் முப்பது வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அந்த அக்கா அண்ணன்களை நன்றியோடு நினைத்தார்கள். குடி, நோய், மறுபடி குற்றம் என்று எடுத்துப் பார்த்தால் உதவி பெற்றவர்கள் கொஞ்சம் மோசமாகவே இருந்தார்கள்! முகாமில் பொல்லாத பையன்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தது காரணமாக இருக்கலாம் என்றார்கள். எங்கள் இல்லத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் பெரிய பையன் சின்னவனுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறான் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

#21 கணக்குப்பிள்ளை

பைக், செயின், மாடு. எல்லோரும் இதையே பேசுகிறீர்கள். நான் ஆடிட் ஆபீசில் இருபது வருஷமாக இருக்கிறேன். ஏசி ரூமில் கையெழுத்தால் எடுக்கிறவனைப் பார்த்து யாராவது "ரத்தத்தில் ஊறினது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவன் மூக்கை யார் அளந்தார்கள்?

எட்வின் சதர்லேண்ட் என்ற அமெரிக்கர் 1939-ல் ஒரு தலைமை உரையில் இதைத்தான் எழுப்பினார். வறுமையும் சிதைந்த குடும்பமும்தான் குற்றத்துக்குக் காரணம் என்றால், நல்ல குடும்பத்தில் பிறந்து நன்றாகச் சாப்பிட்டுக் கோட்டுப் போட்டவன் செய்வது என்ன? பெரிய 70 கம்பெனிகளை எடுத்து ஆராய்ந்தார். எல்லாம் சேர்த்து 980 பாதகமான தீர்ப்புகளும் உத்தரவுகளும். 1949-ல் புத்தகமாக வந்தபோது பதிப்பகத்தார் பயந்துபோய்க் கம்பெனிப் பெயர்களை வெட்டச் சொல்லிவிட்டார்கள். பெயர்களோடு வந்தது 1983-ல்தான்.

அவர் விளக்கம் ரொம்பச் சாதாரணமானது. குற்றம் கற்றுக்கொள்ளப்படுகிறது. நெருங்கிப் பழகுகிறவர்களிடமிருந்து. எப்படிச் செய்வது என்பதை மட்டும் கற்பதில்லை, அதற்கு என்ன நியாயம் சொல்லிக்கொள்வது என்பதையும் சேர்த்தே கற்கிறோம். "எல்லாரும் செய்றதுதானே", "யாருக்கு நஷ்டம்", "கம்பெனிக்கு இது ஒரு காசா". என் வேலையில் கள்ளக் கணக்கைக் கண்டுபிடிப்பதைவிட இந்த வாக்கியங்களைக் கேட்பதுதான் அலுப்பு.

#22 பழைய_ஏடு

கணக்குப்பிள்ளைக்கு நம் ஊரிலேயே முன்னோடி இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை இந்த இழையோடு வைத்துப் படித்துப் பாருங்கள். பாண்டிமாதேவியின் சிலம்பை எடுத்தவன் அரண்மனைப் பொற்கொல்லன். மாட்டிக்கொண்டவன் ஊருக்குப் புதிதாக வந்த கோவலன். வெட்டப் போன காவலர்கள் அவனைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறார்கள். இவன் லட்சணத்தைப் பார்த்தால் கொலைப்படத் தக்கவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். முகம் பார்த்துக் குற்றம் சொல்கிற லோம்ப்ரோசோ முறைதான், ஆனால் இங்கே அது ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கும்.

அப்போது பொற்கொல்லன் என்ன செய்கிறான்? சிரித்துவிட்டு, களவு பற்றி ஒரு பாடமே எடுக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி, இந்த எட்டும் திருடர்களுக்குத் துணை, நூலே இருக்கிறது என்று விளக்குகிறான். நடுவில் ஓர் இளைஞன், தானும் மழை இருட்டில் ஒரு திருடனிடம் ஏமாந்த கதையைச் சொல்லி ஊதிவிடுகிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தமிழில் குற்றவியல் பற்றி முதல் வகுப்பு எடுத்தவன், சிலம்பை எடுத்த திருடனே! கூட்டத்தில் மறுத்துப் பேச ஆள் இல்லை.

#23 வைகைக்கரை

கடைசி வரி எனக்கா?

#24 பழைய_ஏடு

எனக்கும்தான். நானும் டீக்கடைக்குப் போகிறவன்.

#25 அடிக்குறிப்பு

பொற்கொல்லன் பட்டியலில் 'இடம், காலம்' இருப்பதை விட்டுவிடாதீர்கள். சிகாகோவில் ஷா, மெக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுச் சிறார் வழக்குகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். நகரின் மையத்தை ஒட்டிய சில பகுதிகளில் புள்ளிகள் குவிந்தன. முதலில் அங்கே ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள், பிறகு போலந்துக்காரர், இத்தாலியர் வந்தார்கள். குடியிருப்பவர் மாறிக்கொண்டே இருந்தும் புள்ளிகள் அங்கேயே நின்றன. அங்கிருந்து வெளியேறி நல்ல பகுதிக்குப் போனவர்களின் பிள்ளைகளிடம் குறைந்தது. ரத்தம் காரணமென்றால் வீடு மாறும்போது அதுவும் லாரியில் கூடவே போயிருக்க வேண்டுமே.

பிறகு 1979-ல் கோஹனும் ஃபெல்சனும் திருடனை விட்டுவிட்டுப் பொருளைப் பார்த்தார்கள். போருக்குப் பின் அமெரிக்காவில் வசதி பெருகியும் திருட்டு ஏன் கூடியது? புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போய் வீடு பகலில் காலியாகக் கிடந்தது, டிவி போன்ற சாமான்கள் தூக்கிக்கொண்டு ஓடும் அளவுக்கு எடை குறைந்தன. டிவியின் எடையையே கணக்கில் எடுத்தார்கள்!

பைக்குக்கும் உதாரணம் இருக்கிறது. மேற்கு ஜெர்மனியில் 1980-ல் ஹெல்மெட் போடாதவர்களுக்கு அங்கேயே அபராதம் என்று வந்தது. அந்த வருஷம் ஒன்றரை லட்சமாக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு 1986-ல் சுமார் 54,000-க்கு இறங்கியது. ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுத்தவன் தெருமுனையிலேயே மாட்டினான். யாரும் திருந்தவில்லை, யார் ரத்தமும் மாறவில்லை.

#26 நேரடிப்பேச்சு

இது எனக்குப் புரிகிற பாஷை. அம்மா இப்போது சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டுதான் போகிறார். அது கோட்பாடு என்று அவருக்குத் தெரியாது.

#27 ஏட்டையா_ஓய்வு

வைகைக்கரை தம்பி, முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். சைடு லாக் போட்டிருந்தீர்களா?

#28 வைகைக்கரை

இல்லை ஐயா. லாக் மூன்று மாதமாக வேலை செய்யவில்லை. மெக்கானிக் சாவி செட்டோடு மாற்ற வேண்டும், ஆயிரத்து இருநூறு ஆகும் என்றார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டேன்.

#29 ஏட்டையா_ஓய்வு

சரி. இன்சூரன்ஸ்?

#30 வைகைக்கரை

இருக்கிறது. அதில்தான் இப்போது ஒரு சங்கடம். படிவத்தில் வண்டி பூட்டப்பட்டிருந்ததா என்று கேட்டிருக்கிறான். ஏஜென்ட் கூடப் படித்த நண்பன். "ஆம்-னு போடு மாப்ள, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க, கம்பெனிக்கு இது ஒரு காசா" என்றான்.

#31 டீக்கடை_பெஞ்ச்

கணக்குப்பிள்ளை சார், மேடைக்கு வரவும்.

#32 கணக்குப்பிள்ளை

என்னிடம் கேட்டால் 'இல்லை' என்று போடுங்கள் என்பேன். பணம் குறையலாம், வராமலும் போகலாம். ஆனால் ஒன்று பார்த்தீர்களா? நான் #21-ல் எழுதின மூன்று வாக்கியத்தில் இரண்டு உங்கள் நண்பர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

#33 உசிலைமண்

அவர் எந்தச் சாதி என்று யாரும் கேட்கவில்லை பாருங்கள்.

#34 வைகைக்கரை

படிவம் மேசை மேல்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. நாளைக் காலையில் டீக்கடைக்குப் போகிறேன், பெரியவர் வழக்கமாக ஏழு மணிக்கு வந்துவிடுவார்.